பத்து ஆண்டில் மின்சாரம்

கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே இந்த வாரப் பத்தியில். காரணம் உண்டு. இதில் ஒரு நண்பரின் வாழ்க்கை இருக்கிறது. ஊகத்தைக் கலந்தால் அது எனக்குச் சாதகமாகவே சாயும்.

சென்ற வாரம் காளவாசல் தேநீர்க் கடையில் அந்த நண்பர் சாமுவேல் செய்தித்தாளை என் பக்கம் தள்ளினார். அணுக்கரு இணைவு ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்கப் போகிறதாம். சூரியன் எரியும் முறையிலேயே இங்கே மின்சாரம் எடுக்கும் முயற்சி அது.

எழுபதுகளின் இறுதியில் அவர் கேட்டதும் இதற்கான நிதிதான். ஒரே கல்லூரியில் அவர் இயற்பியல் ஆசிரியர், நான் தமிழாசிரியர். திருநகரில் அடுத்தடுத்த வீடு. மாலையில் மொட்டைமாடியில் துண்டை முறுக்கி வளையமாக்கி, நெருப்பைக் காந்தம் கட்டிவைக்கும் விதத்தை எனக்கு விளக்குவார்... பாதி புரியும்.

ஆய்வு நிதிக்கு வயது வரம்பு இருந்தது. அவருக்கு அதுவே கடைசி ஆண்டு. விண்ணப்பத்தை மொழி திருத்தத் தந்தார். 'பத்து ஆண்டில் மின்சாரம் கிடைக்கும்' என்றிருந்தது.

"உறுதியாத் தெரியுமா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும் மாப்ள? எல்லாரும் அப்படித்தான் எழுதுறாக."

அந்த வரியை அடித்தேன். 'காலம் கூற இயலாது' என்று எழுதினேன். அவரும் கையெழுத்திட்டார்.

நேர்காணல் எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. தாழ்வாரத்தில் நின்றேன், கதவு திறந்திருந்தது. குழுவில் விவசாயிகள் சார்பாக ஒருவர் இருந்தார்.

"அம்புட்டுச் சூட்டை எந்தச் சட்டியில வைப்பீக சார்?" என்றார் அவர்.

"சட்டி தாங்காதுங்க. காந்தத்தால அந்தரத்துல நிறுத்தணும்."

"நல்லாத்தான் இருக்கு. கரண்டு எப்ப வரும்?"

சாமுவேல் விண்ணப்பத்தைப் பார்த்தார். "சொல்ல முடியாதுங்க."

"எங்க பம்ப்செட்டுக்கும் அதையேதான் சொல்றாக."

அறையே சிரித்தது. சாமுவேலும் சிரித்தார்.

நிதி, குறைந்த மின்னழுத்தத்தில் கருகாத மோட்டார் செய்ய முனைந்த வேறோர் ஆசிரியருக்குப் போனது. கப்பலூரில் உருவான அந்த மோட்டார் இன்றும் பல கிணறுகளில் ஓடுகிறது. அதைத் தவறென்பேனா? வாடும் பயிரும் வரப்போகும் வெளிச்சமும் ஒரே கஜானாவின் முன் நின்றால், எந்த அரசுக்குத்தான் எளிது?

ஆனால், மொட்டைமாடியில் சாமுவேல் அதன்பின் துண்டை முறுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"அந்த வரியை நான் அடிச்சிருக்க வேண்டாமோ?" — இத்தனை ஆண்டுக்குப் பின், தேநீர்க் கடையில் கேட்டேன்.

"அடிச்சது சரிதான் மாப்ள. நான் அப்படி எழுதினதுதான் தப்பு." செய்தித்தாளை மடித்தார். "ஆனா... இப்ப நிதி வாங்கப்போற இவுக எத்தனை வருசம்னு எழுதிக் கேட்டிருப்பாக?"

செய்தியில் அது இல்லை. அந்த வரி இருந்திருந்தால் சாமுவேலுக்கு நிதி கிடைத்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.