என் மனைவி தண்ணீர் குடித்தாள்

போன மாதம் நாகர்கோவிலில் ஓர் அதிசயம் பார்த்தேன். என் மனைவி தண்ணீர் குடித்தாள்!

சிரிக்காதீர்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடமாகிறது. சரோஜா ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல், முழுசாகக் குடித்து நான் பார்த்ததே இல்லை.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தெரு அடிபம்பில் உப்புத் தண்ணீர்தான் வரும். குளிக்க, துவைக்க அது. குடிக்கிற நல்ல தண்ணீர் தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை... சில சமயம் அதுவும் இல்லை. நான் திருச்சுழிக்குப் பெண் பார்க்கப் போனபோது சரோஜா வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள்: "எங்க பொண்ணுக்குத் தண்ணிச் செலவே கெடையாது. நாளுக்கு ரெண்டு டம்ளர் போதும்." என் அம்மாவுக்கு அந்த ஒரு சர்டிபிகேட் போதுமாக இருந்தது.

இப்போது சரோஜாவுக்குச் சிறுநீரகத்தில் கல். வலி வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மதுரை டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி போதாதும்மா. நிறையக் குடிங்க. இல்லேன்னா ஆபரேஷன்தான்."

நான் என்ன செய்தேன்? அதட்டினேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. "குடிச்சிட்டேங்க" என்பாள். குடித்திருக்க மாட்டாள். பிடிவாதக்காரி என்று, பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இதே பத்தியில் கிண்டல் செய்து எழுதினேன் — பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டோம். முந்தின ராத்திரியிலிருந்தே அவள் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பஸ்ஸில் அவசரமென்றால் எங்கே இறங்குவது? பெண்கள் பாதிப்பேர் இப்படித்தான் பிரயாணம் செய்கிறார்களாம். அதையே அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்கம்தான்.

தங்கை வீட்டுப் பின்பக்கம் கிணறு. எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். மறுநாள் காலை சரோஜா ஒரு வாளி இறைத்தாள். செம்பில் மொண்டாள். குடித்தாள். இன்னொரு செம்பு. சாப்பிட்டதும், துணி காயப்போட்டு வந்ததும்... யாரும் சொல்லவில்லை, யாரும் அதட்டவில்லை. எட்டு நாள் இருந்தோம். எட்டு நாளும் வலி வரவில்லை.

ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏ சரோஜா, ஊர்ல தொண்டை கிழியக் கத்துனேன். இங்க மட்டும் எப்பிடிக் குடிக்கிற?"

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "இங்க நான் குடிச்சா யாருக்கும் கொறையாதுல்ல."

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு நல்ல தண்ணீர் எங்கே போகிறது? நான் ஷேவ் செய்ய நல்ல தண்ணீர் — உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதாம் துரைக்கு! நாள் முழுக்க எனக்குக் காபி. எழுதும்போது மேஜையில் கூஜா. என்னைப் பார்க்க வருகிறவர்களுக்குச் செம்பு செம்பாக. மிச்சம் இருந்தால் அவளுக்கு. பிடிவாதக்காரி என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

ஊர் திரும்பியதும் ஒரு மண்பானை வாங்கினேன். கழுத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். "இது ஒனக்கு மட்டும். சாயங்காலத்துக்குள்ள காலியாகணும்." நான் உப்புத் தண்ணீர் ஷேவிங்குக்கு மாறினேன். முகம் எரிகிறது... எரியட்டும்.

முதல் வாரம் பானை தினமும் காலி. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் கண்டுபிடித்தேன் — பாதி எனக்கே காபியாக வந்துகொண்டிருந்தது! அன்றோடு பதினோரு மணிக் காபியையும் நாலு மணிக் காபியையும் நிறுத்தினேன். இப்போது ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. அது இனாம்.

போன வாரம் டாக்டர் பார்த்தார். ஆபரேஷனைத் தள்ளி வைத்திருக்கிறார். "இப்படியே குடிங்கம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

இன்று காலை வெயில் ஏறியபின் பரளச்சியிலிருந்து என் பெரியப்பா வீட்டு அண்ணன் வந்தார். "ஏம்மா சரோஜா, ஒரு செம்பு தண்ணி குடும்மா. நாக்கு வறண்டுபோச்சு."

வீட்டுக் குடம் காலி. கோடு போட்ட பானையில் ரெண்டு செம்பு இருக்கும். தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்போமா? மொண்டு கொடுத்தாள். போச்சு, பழைய கதைதான் என்று நினைத்தேன்.

இல்லை. அடுத்த செம்பை மொண்டு, அவர் எதிரிலேயே நின்று, அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, குழாய்ல தண்ணி வருதாம். ரெண்டு கொடத்தையும் சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க."

அண்ணன் செம்பும் கையுமாக என்னையே பார்த்தார். எங்கள் குடும்பத்தில் எந்த ஆம்பளையும் குழாயடிக்குப் போனதில்லை.

இந்த வாரப் பத்தியை வரிசையில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். எனக்கு முன்னால் இன்னும் பதினோரு குடம்!