கார் கதவில் வள்ளத்துக் கோடு

உப்பு லாரி உரசிய என் கார்க் கதவுக்கு டிங்கரிங், பெயின்டிங் முடித்து நேற்று இரவு எடுத்து வந்தேன். காலை வெயிலில்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

என் காரும் நீலம்தான். ஆனால் அந்தக் கதவு மட்டும் திரேஸ்புரம் கடற்கரையில் நிற்கும் மீன்பிடி வள்ளங்களின் நீலம். போதாததற்கு, வள்ளத்தில் தண்ணீர் மட்டத்துக்கு இழுப்பதுபோல் கீழே ஒரு வெள்ளைக் கோடு.

சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் கார். வழக்கம்போல் ‘பரவாயில்லை’ என்று விட மனம் வரவில்லை. நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

“இந்த பெயின்ட் உப்புத் தண்ணியில கெடந்தாலும் போவாதும்மா” என்றார் ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி.

“நான் இதுல மீன் பிடிக்கப் போகல அண்ணாச்சி, ஆபீசுக்குப் போறேன். பக்கத்துக் கதவையும் பாருங்க.”

பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார். “ஏலே, இங்கன வா! இது காரா, வள்ளமா?”

பெயின்டர் வந்தார். மீன்பிடித் தடைக்காலம் முழுக்க வள்ளங்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, போன வாரம்தான் இங்கே திரும்பியிருக்கிறார்.

“கோடு எதுக்குல போட்ட?”

“கை பழகிட்டு அண்ணாச்சி.”

மூவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகும் நான் நகரவில்லை.

“முழுசா சொரண்டிட்டு, சரியான கலர்ல அடிச்சுத் தாரேன்க்கா. சனிக்கிழமை எடுத்துக்கிடுங்க” என்றார் பெயின்டர். அண்ணாச்சியும் தலையாட்டினார்.

சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன்.

இப்போது ஒரே யோசனை. அந்தக் கோட்டை மட்டும் விட்டுவைக்கச் சொல்லலாமா? மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க உதவுமே. என்ன சொல்கிறீர்கள்?