திருடனுக்குக் கம்பஞ்சோறு

என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். அதிலிருந்து தாயக்கட்டை உருளுகிற சத்தம் கேட்டதும், நினைப்பில் நான் சிறுமியாக, வெண்ணந்தூரில் எங்கள் பெரியப்பா வீட்டுக்கே போய்விட்டேன்.

அமாவாசையன்று நெசவு கிடையாது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனை மட்டும் வீட்டில் நிற்கும். பெரியப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் எங்களைக் கதைக்குள் அனுப்புவார்.

"சேலை மூட்டையோட ஆத்தூருக்குப் போறீங்க. மலையோரம் திருடன் மறிக்கிறான். என்ன பண்ணுவீங்க?"

நாங்கள் சொன்னது பலிக்குமா என்பதைத் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து, தாயக்கட்டை போல உருட்டும் புளியங்கொட்டைகள் முடிவு செய்யும்.

பையன்கள் எல்லாரும் அடிப்போம் என்றார்கள். நான், "அவனுக்குச் சோறு போடுவேன்" என்றேன்.

"திருடனுக்கு விருந்தாமா!" என்று சிரித்தார்கள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "என்ன சோறு சாமி?"

"கம்பஞ்சோறுங்க. மோரு ஊத்தி."

"சரி, கொட்டையைப் போடு."

கொட்டை சரியாக விழவில்லை. "தின்னுபோட்டு மூட்டையையும் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார். ஆனாலும் அடுத்த அமாவாசைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

மகனின் ஆட்டத்திலும் ஒருவன் வழிமறித்து நின்றான். "சோறு போடுறேன்னு சொல்லு சாமி" என்றேன்.

"அதுக்கு வழியில்லீங்கம்மா. அடிக்கலாம், ஓடலாம், காசு குடுக்கலாம். முன்னாடி மேசையைச் சுத்தி உக்காந்து, ஒருத்தர் கதை சொல்ல ஆடுன ஆட்டந்தான் இது. அப்ப எதை வேணாலும் செய்யலாம். கம்ப்யூட்டருக்கு வந்ததும் இப்படி ஆயிப்போச்சு. ஆடுறவங்க எல்லாம் இதைத்தான் குறை சொல்றாங்க."

"ஆட்டத்தைச் செஞ்சவங்களுக்கு எழுதிப் போடு."

"எழுதுனா மாத்தவா போறாங்க?"

"நீ எழுது. ஜெயிக்க வெக்கச் சொல்லலை. தோத்தாலும் நான் நெனச்சதைச் செஞ்சு பாத்துத் தோக்கணும்."

அவன் எழுதி அனுப்பும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.