லெஸ்டரில் ஒரு மதியச் சாப்பாடு

கார் ஓட்டப் பழகும்படி என்னை நச்சரித்தவர் என் கணவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மிச்சம் என்ற புறநகரில் எங்கள் தெருத் தமிழ்ப் பெண்கள் பஸ்ஸிலும் கணவன்மாரின் பக்கத்து சீட்டிலும் இருந்துதான் லண்டனைப் பார்த்தார்கள். மகளுக்கு அப்போது ஒரு வயது. ரவுண்ட்அபவுட் சந்தியைக் கண்டாலே பிரேக்கை மிதித்துவிடுவேன். இருந்தும் போனேன். இரண்டு தடவை தோற்று, பிறகு சித்தியடைந்த அன்று, கோயிலில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னால் ஒரு மனிதருக்குப் பெருமை வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பெருமையின் காரணம் இரண்டு மாதம் கழித்து எங்கள் குசினி மேசையில் தெரியவந்தது.

மேசையைச் சுற்றி மூன்று பேர். என் கணவர், கோலியர்ஸ் வுட்டில் கடை வைத்திருந்த, நாங்கள் அண்ணை என்று கூப்பிடும் அவருடைய சிநேகிதர், இந்தியாவிலிருந்து வந்து பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒரு இஞ்சினியர். இஞ்சினியருக்கு வேலையிடத்து வெள்ளைக்காரர்கள் ஒரு பித்தைப் பிடிக்கவைத்திருந்தார்கள். கிராமங்களில் சின்னச் சின்னதாகப் பியர் காய்ச்சும் ப்ரூவரிகளைத் தேடிப்போய், அங்கேயே ருசி பார்ப்பது. ஆகஸ்ட் மாத நீண்ட வார இறுதியில் வடக்கே ஒரு சுற்றுப் போகவேண்டும் என்பது அவருடைய யோசனை.

"இது டின்ல விக்கிற தண்ணி இல்லீங்க. பீப்பாய்க்குள்ளயே புளிச்சுக்கிட்டு இருக்கும். உயிரோட இருக்கிற பியர்," என்றார் இஞ்சினியர்.

"அப்ப கள்ளெண்டு சொல்லுமன்," என்றார் அண்ணை. "அதுக்கு ஏன் நூறு மைல் போவான்?"

"கள்ளுக்கு யாரு டூர் காட்டுறா? இவங்க எல்லாத்தையும் சுத்திக் காட்டுவாங்க. பார்லி ஊற வைக்கிறது, கொதிக்க வைக்கிறது..."

"ஊறுறதைப் பாக்கிறதெண்டால் என்ரை மனிசி தோசைக்கு உளுந்து போடேக்கை வந்து பாரும். டிக்கெட் இல்லை."

மூவரும் சிரித்தார்கள். பிறகு, யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. மூவரும் குடிக்கப் போகிறவர்கள். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற என்னை என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குத்தானே இவவுக்கு லைசன்ஸ் எடுத்துக் குடுத்தது," என்றார்.

பகிடிதான். நானும் சிரித்தேன். கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, உண்மையிலேயே பகிடிதானா என்று யோசித்தேன். நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் நான் ஓட்டியதில்லை. அண்ணையின் கடை வான் வேறு, பஸ் மாதிரிப் பெரியது. பின்னால் குழந்தை இருக்கும். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இஞ்சினியர் விரித்துவைத்திருந்த சாலைப் படத்தில் என் கண் வேறொன்றில் நின்றுவிட்டது. லண்டனிலிருந்து மேலே போன நீலக் கோடு லெஸ்டரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனது.

லெஸ்டரில் என் தங்கை இருந்தாள். இந்த நாட்டில் எனக்கிருந்த ஒரே இரத்த உறவு. முந்தைய வருடம்தான் வந்திருந்தாள். அவளுடைய கணவர் துணி ஆலையில் ஷிப்ட் வேலை செய்தார். வீட்டில் போன் இல்லை. தெருமுனையில் இருந்த போன் பெட்டியிலிருந்து கூப்பிடுவாள். செப்டெம்பர் நடுவில் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறக்க இருந்தது. "அக்கா, எப்ப வாறீங்கள்?" என்று கேட்பாள். நான் பதிலைத் தேடுவதற்குள் காசு முடிந்து லைன் அறுந்துவிடும்.

"ஓம், நான் ஓடுறன்," என்றேன். "ஆனா சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீட்டை நிக்கவேணும்."

கணவர் முகத்தைச் சுளித்தார். "அங்கை போனால் சும்மா வர ஏலுமோ? சாப்பிடாமல் விடாயினம். அரைநாள் போயிடும்."

"என்ன கறி?" என்று கேட்டார் அண்ணை.

"நண்டு," என்றேன்.

"அப்ப அதையும் போடும்," என்றார் அண்ணை கணவரிடம். "ப்ரூவரியளிலை கடலையைத் தவிர வேறை என்ன கிடைக்கப்போகுது?"

இப்படித்தான் என் தங்கையின் வீடு அந்தப் பயணத்தில் சேர்ந்தது. இரண்டு ப்ரூவரிகளுக்கு இடையில் ஒரு சாப்பாட்டுக் கடைபோல.

அடுத்த வாரங்களில் பயணத்தின் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் பட்டம் முடித்தவள், ஊரில் இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். அதனால் வெள்ளைக்காரருடன் பேசவேண்டி வந்தால் அவர்கள் போனை என்னிடம் நீட்டுவார்கள். ஒவ்வொரு ப்ரூவரிக்கும் நானே அழைத்து நேரம் கேட்டேன். பியர் எந்த நிறமென்றுகூடத் தெரியாமல், எத்தனை விதம் ருசி பார்க்கலாம் என்று விசாரித்தேன். பெட்ஃபர்ட் பக்கத்துக் கிராமமொன்றில் பேசியவர் தன்மையான மனிதர். குழந்தையை உள்ளே விடமுடியாது, முற்றத்தில் உட்கார வாங்கு இருக்கிறது, நீங்கள் அங்கே இருக்கலாம் என்றார். நன்றி சொன்னேன். மற்ற இடத்திலும் அதே பதில்தான்.

தங்கைக்கு எட்டாம் மாதம். அவளை நண்டு உடைக்க விடலாமா? நானே சமைத்துக்கொண்டு போனால் வெக்கையில் வானுக்குள் பழுதாகிவிடாதா? காலையில் நேரத்துக்குப் புறப்பட்டு, முதல் ப்ரூவரியைச் சுருக்கி, அங்கே போய் நானே சமைத்தால்? இப்படி ஒரு நாளைப் பத்து விதமாக அடுக்கிப் பார்த்தேன். ஆண்கள் பேசியது பியர். நான் திட்டமிட்டது இரண்டு மணித்தியாலம் தங்கையின் பக்கத்தில் இருப்பதற்கு.

ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கையின் கணவர் அழைத்துச் சொன்னார். ஆண் பிள்ளை, நிறை குறைவு, ஆனால் சுகம். நான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். பிறகு கணவரின் வேலையிடத்துக்குப் போன் எடுத்து, அவரைக் கூப்பிடச் சொல்லி, சத்தமாகச் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். அது பொய்ச் சந்தோஷம் இல்லை. "ஆரைப்போலை?" என்றுகூடக் கேட்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் விரல் மடித்து எண்ணினார்.

"அப்ப நாங்கள் போகேக்கை அங்கை துடக்கு."

எங்கள் ஆட்களிடையே பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் வரை துடக்கு, அதாவது தீட்டு. அதுவரை அந்த வீட்டில் கைநனைத்தவர்கள் கோயிலுக்குப் போவதில்லை. எங்கள் பயணம் முடிந்த வாரத்தில்தான் கோயில் திருவிழா. அதில் ஒருநாள் உபயம், அந்த நாள் பூசையை எடுத்து நடத்தும் உரிமை, முதல்தடவையாக என் கணவருக்குக் கிடைத்திருந்தது. வருடக்கணக்காகக் கேட்டுப் பெற்றது. அதை அவர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் முதலில் நான் சத்தம் போடவில்லை.

"துடக்கு அவையின்ரை ஆக்களுக்குத்தானே," என்றேன். "நாங்கள் பாத்திட்டு வந்து முழுகினால் காணும்."

"ஐயரைக் கேளும்."

கோயில் ஐயருக்கும் நான்தான் போன் எடுத்தேன். பெண்வழிச் சொந்தத்துக்கு அவ்வளவு தோஷமில்லை, முழுகிவிட்டு வரலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, "எண்டாலும் உபயகாரர் தவிர்க்கிறது நல்லது, அம்மா," என்று சேர்த்தார். இரண்டையும் அப்படியே கணவரிடம் சொன்னேன். இரண்டாவதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

இன்றும் யோசிப்பதுண்டு. அன்று அவருடைய வேலையிடத்துக்குப் போன் எடுக்காமல், ஒருவரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருந்தால், சனிக்கிழமை மத்தியானம் லெஸ்டர் வாசலில் இறங்கியபின்தானே எல்லோரும் பிள்ளையைக் கண்டிருப்பார்கள். அறியாமல் போனதற்கு ஐயர்மார் ஏதாவது பரிகாரம் வைத்திருப்பார்கள். ஆனால் மருமகன் பிறந்த செய்தியை ஒளித்துவைக்க யாருக்குத் தோன்றும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் மறுபடி மேசைக்கு வந்தார்கள். லெஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு என்ன போடுவது என்பதுதான் பேச்சு.

"அந்தப் பக்கம் இன்னொரு ப்ரூவரி இருக்குங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கயே கறி வெச்சுச் சுட்ட பை குடுக்கிறாங்க," என்றார் இஞ்சினியர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் ஒரு போன் பண்ணிடணும்," என்றார்.

"மூண்டு இடத்திலை குடிச்சுப்போட்டு வந்து உபயத்துக்கு நிக்கலாமோ?" என்று கேட்டேன்.

"பார்லிதானே, தங்கச்சி," என்றார் அண்ணை. "சுத்த சைவம்."

இஞ்சினியர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

"விசர்க்கதை கதையாதையும். திங்கள் துவக்கம் நான் விரதம். குடி வேறை, துடக்கு வேறை. குடிச்சது முழுகினால் போயிடும்."

"துடக்கும் முழுகினால் போகுமெண்டுதானே ஐயர் சொன்னவர்?"

அண்ணை தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

"நீர் படிச்சனீர்," என்றார் கணவர். "உம்மோடை கதைக்க ஏலாது."

அதற்கடுத்த நாள் தங்கை பெட்டியிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய கணவர் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் தெருமுனைக்கு வந்திருந்தாள், அழுகை கேட்டது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பாணும் பட்டரும்," என்றாள். "சரக்கு ஆர் அரைச்சுத் தாறது இஞ்சை?" மிளகு, மல்லி, மஞ்சள் எல்லாம் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கென்று காய்ச்சுகிற கறி அது. நான் பெற்றபோது எனக்கும் ஒருவரும் தரவில்லை. ஒரு கோபமும் இல்லாமல்தான் அவள் அதைச் சொன்னாள்.

பின்னேரம் கணவரிடம், "நான் வான் ஓடமாட்டன்," என்றேன்.

"அப்ப ஆர் ஓடுறது?"

அவர் முதலில் கேட்டது அதைத்தான். ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை என்னால் கடக்க முடியவில்லை.

"தெரியாது. நானும் பிள்ளையும் கோச்சிலை லெஸ்டருக்குப் போறம்."

அவர் கத்தவில்லை. கத்துகிற மனிதர் இல்லை அவர். "போம்," என்றார். "போனால் உபயம் முடியுமட்டும் இந்த வீட்டு வாசலை மிதியாதையும். துடக்கை இஞ்சை கொண்டுவர ஏலாது."

அப்படிச் சொன்னால் போகமாட்டேன் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விடியும்வரை அது சரியா, இது சரியா என்று புரண்டேன். உபயத்தில் அவர் பக்கத்தில் நிற்பது என் கடமை. தங்கைக்குச் சமைத்துப் போடுவதும் என் கடமை. இரண்டும் மோதினால் எதை விடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. காலையில் சரக்கை வறுத்து அரைத்துப் போத்தலில் அடைத்து, மகளின் உடுப்போடு பையில் வைத்தேன்.

விக்டோரியாவில் கோச் பஸ் ஏறினோம். மகள் இரண்டு தடவை சத்தி எடுத்து உடுப்பை நனைத்தாள். லெஸ்டரில் தங்கை கதவைத் திறந்தபோது தலை வாரியிருக்கவில்லை. கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள்.

"அத்தான் எங்கை?"

சொன்னேன். மறைக்கத் தெரியவில்லை. அவளுடைய முகம் வெளிறியது.

"உபயத்தை விட்டிட்டோ வந்தனீங்கள்? ஏன் அக்கா? நாளைக்கு அங்கை ஒண்டெண்டால் எல்லாரும் என்ரை பிள்ளையின்ரை பலனெண்டுதானே சொல்லுவினம்."

தொட்டிலிலிருந்து நான் தூக்கப்போன பிள்ளையை அவள் முந்திக்கொண்டு தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என்னிடமிருந்து காப்பாற்றுகிறவள் மாதிரி. நான் பயண உடுப்பைக்கூட மாற்றாமல் குசினிக்குப் போய்ச் சரக்குக்குத் தண்ணீர் வைத்தேன். வேறென்ன செய்வது?

சாப்பிட்டாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். விளக்குத் திரிபோல மெலிந்த கால்கள் அவனுக்கு. அவள் நிம்மதியாகத் தூங்கியதையும் கண்டேன். ஆனால் தெருமுனைப் பெட்டிக்கு நான் போய்வரும்போதெல்லாம், "அத்தான் என்ன சொன்னவர்?" என்று கேட்பாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து, "பிள்ளை சுகமோ?" என்று மகளைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

ப்ரூவரிப் பயணம் நடக்கவில்லை. ஓட்டுவதற்கு ஆளில்லை. உபயம் நடந்தது. ஐயரும் சனமும் மனைவி எங்கே என்று கேட்டபோது, சுகமில்லை என்று சொன்னாராம். பெட்டியிலிருந்து நான் எடுத்தபோது அண்ணையின் மனைவி சொன்னாள். "என்ன வருத்தமெண்டு எல்லாரும் என்னைக் கேக்கினம், என்னத்தைச் சொல்ல?" என்றாள். ஆக, ஐயரையும் அண்ணை வீட்டாரையும் தவிர, பிறந்த பிள்ளையைப் பற்றி அந்தக் கோயிலில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு ஆசாரமாகக் காத்த துடக்கை அவர் வெளியே சொல்லவேயில்லை. சொன்னால் நான் அவர் பேச்சை மீறிப் போனதும் வெளியே வரும்.

உபயம் முடிந்து நான் லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று தங்கை மகளின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். பூட்டிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல் சொன்னாள்.

"இனி வாறதெண்டால் அத்தானோடை வாங்கோ, அக்கா. தனிய வரவேண்டாம். எனக்குப் பயமாயிருக்கு."

சரி என்றேன். பிறகு அத்தானோடு நான் லெஸ்டருக்குப் போக நான்கு வருடமானது. அதற்குள் அவளுக்கு இரண்டாவதும் பிறந்திருந்தது. அப்போது சரக்கு அரைத்துக் கொடுத்தவள் அவளுடைய மேல்மாடிக்காரி, ஒரு குஜராத்திப் பெண். தங்கை அவளை எனக்கு அறிமுகப்படுத்தியபோது, "இவ எனக்கு அக்கா மாதிரி," என்றாள்.