நைட் டூட்டிக்காரியின் சூரியன்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவளுக்குப் பல வருடங்களாக நைட் டூட்டிதான். பகலுக்கு மாற்றித் தரும்படி கேட்டுக் கேட்டு வாய் வலித்து, பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். ஊர் குறட்டை விடுகிற நேரத்தில்தான் மாடிப்படியில் உருண்டவர்களும் வண்டியில் அடிபட்டவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். "மூச்சை இழுத்துப் புடிங்க... விடாதீங்க... ம், இப்ப விடலாம்" என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதையே உளறுகிறாள் என்று அவள் கணவன் கேலி செய்வான். "நீ விடலாம்னு சொல்ற வரைக்கும் நான் மூச்சு விடாம படுத்திருக்கேன்" என்பான்.

அவன் டவுன் பஸ் டிரைவர். மதியம் கிளம்பினால் கடைசி டிரிப்பை முடித்து, டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு வீடு வந்து சேரும்போது பேப்பர்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவள் வேலைக்குப் போகும்போது அவன் ரோட்டில் இருப்பான். அவள் திரும்பும்போது அவன் அசந்து தூங்குவான். அவன் கிளம்பும்போது அவள் தூங்குவாள். ஒரே வீட்டில் ஒரே கட்டிலை ஷிப்ட் போட்டுப் பங்கிட்டுக்கொண்ட தம்பதி. கீழ்வீட்டில் குடியிருந்த அவன் தங்கை, "உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது தலைகாணிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள்.

அந்த வீட்டுக்குள் டெலஸ்கோப் வந்தது ஒரு விபத்து மாதிரிதான். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற இன்ஜினியர் வேலையை விட்டு வெளிநாடு போனார். கொண்டுபோக முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகத் தள்ளிவிட்டார். நீளக் குழாயும் முக்காலியும் அவள் தலையில் விழுந்தன. "ராத்திரி பூரா டூட்டியில இருக்கறவ நட்சத்திரத்தை எங்க சார் பாக்கறது?" என்று கேட்டாள். "பகல்ல ஒண்ணு இருக்கே" என்றார் அவர். குழாயின் வாயில் மாட்டுகிற வெள்ளி நிறப் படலம் ஒன்றையும் கொடுத்தார். அது இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பினால் கண் போய்விடும், அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

ஒரு காலை, டூட்டி முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. கண் மட்டும் மூடமாட்டேன் என்றது. டெலஸ்கோப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனாள். குழாயைச் சூரியனுக்கு நேராக வைப்பதே பெரும் பாடு. நேராகப் பார்க்கக் கூடாது. தரையில் விழுகிற குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாகும்வரை ஆட்ட வேண்டும். கடைசியில் கண்ணை வைத்தபோது, கறுப்புக்கு நடுவில் ஒரு வெளிறிய தட்டு நின்றது. அதில் ஓரமாக இரண்டு மூன்று புள்ளிகள். அவ்வளவுதான். ஆனால் எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண் அந்தப் புள்ளிகளைவிட்டு நகரவில்லை. நடுவில் கரேலென்று, சுற்றிலும் சாம்பல் விளிம்போடு, பூமியையே உள்ளே போடலாம் என்கிற அளவில் அதில் பெரியது சும்மா உட்கார்ந்திருந்தது. யாரும் அதனிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னாலேயே படியேறி வந்தான் கணவன். தலை கலைந்து, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. "வீட்ல திருடன் பூந்துட்டான்னு பயந்துட்டேன்" என்றான். அவனுக்கும் காட்டினாள். "இதைப் பாக்கவா இவ்ளோ பாடு?" என்றவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. கேமரா ஒன்று சேர்ந்தது. அவள் தம்பி வேண்டாமென்று போட்ட லேப்டாப் வந்தது. வெயிலில் லேப்டாப் திரை தெரியாது என்பதால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் வைத்து, கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு இருவரும் தலையை உள்ளே நுழைப்பார்கள். துணி காயப்போட வந்த தங்கை பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் நிழல்ல ஒதுங்கறாங்க. நீங்க வெயிலைத் தேடிட்டு வந்து முக்காடு போடறீங்க" என்றாள்.

மாடித் தரை சூடேறிவிட்டால் காற்று கொதித்துப் படம் அலையும். அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அதனால் அவள் பஸ் இறங்கி வருவதற்குள் கணவனே எழுந்து, எல்லாவற்றையும் மேலே ஏற்றி, படலத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை பார்த்து, தயாராக வைத்திருப்பான். ஒரே போட்டோ எடுத்தால் போதாது. இரண்டு நிமிடம் வீடியோவாக ஓடவிட்டு, அதன் ஆயிரக்கணக்கான படங்களில் காற்று அசையாத கணங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் கூர்மை கிடைக்கும். அடுக்குகிற வேலை லீவு நாளில். காலை வேலை, வெயிலில் நின்று பிடிப்பது மட்டும். அந்த நேரத்தில்தான் பால் விலையிலிருந்து மாமனார் முழங்கால் வரைக்கும் பேசிக்கொள்வார்கள். முடிந்ததும் அவள் கட்டிலில் விழுந்தால் கல் மாதிரி. மதியம் டூட்டிக்கு முன் அவன் தூங்குவான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் தூங்கவில்லை. சாமான்களை இறக்கி, வீட்டைக் கூட்டி, மின்சாரக் கட்டணம், கேஸ் சிலிண்டர் என்று அலைந்து, அவள் முழித்தால் சாப்பிட ஏதாவது செய்து வைத்துவிட்டு, அப்படியே கிளம்பிக்கொண்டிருந்தான்.

ஒரு பிற்பகல், டீசல் நிரப்ப ஆள் இல்லாத பஸ்ஸை டிப்போவுக்கு ஓட்டிவந்தவன் சாலை நடுச்சுவரில் ஏற்றிவிட்டான். விளக்குக் கம்பம் ஒன்று சாய்ந்தது. கண்டக்டருக்கு மணிக்கட்டு பிசகியது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

கையில் கட்டோடு கண்டக்டர் வீட்டுக்கு வந்தான். கோபமாக வரவில்லை, அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. "அண்ணன் மேல தப்பு சொல்லல அண்ணி. கொஞ்ச நாளாவே அவருக்குக் கண்ணு சொக்கும். நான்தான் விசிலை ஊதி ஊதி எழுப்பிட்டு வந்தேன். அன்னிக்கு வண்டியில ஆள் இல்லையேன்னு நானும் அசந்துட்டேன்" என்றான்.

கண்டக்டர் போனபின் அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"என்னத்தை?"

"தூங்கறதில்லைன்னு."

அவன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா நீ டெலஸ்கோப்பை மூட்டை கட்டிடுவ."

"கட்டியிருப்பேன்தான். பஸ் நெறைய ஜனம் இருந்திருந்தா? யாரு யாரு எலும்பையெல்லாம் எங்கிட்ட கொண்டாந்து படம் எடுக்கச் சொல்லி நீட்டியிருப்பாங்க, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அப்ப நான் உன்னை எப்பதான் பாக்கறது?" என்றான்.

 அவள் எழுந்து போய், குழாயைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பரண் மேல் ஏற்றினாள். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. குளித்துவிட்டு டூட்டிக்குப் போனாள்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. நேரம் கிடைக்காதபோது கட்டிலைப் பார்த்தாலே கண் சுழன்றவன், நேரம் மலையாகக் குவிந்ததும் கூரையை வெறித்தான். பொழுதைப் போக்க, லேப்டாப்பில் அடுக்கப்படாமல் கிடந்த பழைய வீடியோக்களை எடுத்து வைத்துக்கொண்டான். வாரக்கடைசியில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். திரையில் பளபளவென்று செம்மஞ்சள் உருண்டை, புள்ளிகளைச் சுற்றி வெள்ளைக் கோடு, உடம்பெல்லாம் கரடுமுரடு.

"இது சூரியனா, ஆரஞ்சுப் பழமா?"

"கலர் குடுத்தா நல்லா இருக்கேன்னு..."

"கலர் எப்படியோ போகட்டும். இந்தக் கோடு அங்க கெடையாது. கூர்மையாக்கறேன்னு நீங்க இழுத்த இழுப்புல வந்தது. என் வேலையில இப்படி இழுத்தா, நல்ல காலுக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்பிருவாங்க. இருக்கறது மட்டும் தெரிஞ்சா போதும்."

பல நாளுக்குப் பிறகு அவள் அன்றுதான் அவன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அவன் மெல்ல மெல்லக் கூர்மையைக் குறைத்தான், அவள் "இன்னும்... இன்னும்... ம், அங்க விடுங்க" என்றாள்.

மறுவாரம் ஒரு காலை அவள் படியேறும்போது தங்கை கீழிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணி, அண்ணா மாடியில இருக்கு. பரணையே காலி பண்ணிடுச்சு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே போனாள். அவன் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "திட்டறதை அப்புறம் திட்டு. இப்ப எனக்கு டூட்டியும் இல்ல, பஸ்ஸும் இல்ல. மத்தியானம் தூங்கிக்கறேன், சத்தியமா. வந்து பாரு, ஓரத்துல ஒண்ணு வந்திருக்கு" என்றான்.

விளிம்பில் ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்ததிலேயே பெரியது. திட்ட நினைத்ததை அப்புறத்துக்கு ஒத்திவைத்தாள்.

சூரியன் சுழல்வதால் புள்ளிக் கூட்டம் நாளுக்கு நாள் நகர்ந்து, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும். அதைத் தினமும் பிடித்து ஒன்றாகக் கோத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அவளுக்குக் கால் வீங்கியது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் பஸ் கவிழ்ந்த கேஸ், வேறு ஊர் பஸ், வேறு டிரைவர்; விடியவிடிய எலும்பாகப் படமெடுத்துவிட்டு வந்து, மாடிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டாள். அவன் எழுப்பவில்லை. வெயில் அவள் முகத்தில் விழாதபடி கறுப்புத் துணியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைய வீடியோவில் சூரியன் பாதியில் திரையைவிட்டு நகர்ந்துபோனது. இருந்ததை வைத்து அடுக்கினான்.

புள்ளிக் கூட்டம் நட்டநடுவில் இருந்த நாள், விசாரணை. அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அவளும் கூடவே போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது. உள்ளே அவன் எதையும் மறைக்கவில்லை. தூங்காமல் வண்டி எடுத்தேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டான். எதற்காகத் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்திருப்பான்.

கொஞ்ச காலத்துக்கு ஸ்டியரிங் கிடையாது என்று தீர்ப்பானது. டிப்போவில் வண்டி சரிபார்க்கும் வேலை. விடியற்காலை போக வேண்டும், சாயங்காலம் வரலாம். ராத்திரி எல்லா மனிதர்களையும் போலத் தூங்கலாம்.

"நல்லதுதானே?" என்றான் திரும்பி வரும்போது.

"நல்லதுதான்" என்றாள். சேர்ந்து மாடியில் நின்ற காலைப் பொழுது போயிற்று என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அவள் தனியாகத்தான் மாடிக்குப் போகிறாள். எல்லா நாளும் முடிவதில்லை. முக்காலியைத் தூக்கத் தெம்பிருந்தால்தான். சில சமயம் தங்கை ஈரப் போர்வையைக் கொடியில் இழுத்துவிட்டு, "இந்த நிழல் போதுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு நிற்பாள். சாயங்காலம் அவன் வந்து, அவள் எடுத்து வைத்ததை அடுக்குவான். அவன் வருகிற நேரத்துக்கும் அவள் கிளம்புகிற நேரத்துக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் கிடைக்கிறது. முன்பு கிடைத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் இதற்காக யாரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை.

புள்ளிக் கூட்டம் கடந்துபோன படத்தை அவன் ஒரு சாயங்காலம் முடித்துக் காட்டினான். சாம்பல் நிறத் தட்டில் கறுப்பு மெல்ல நகர்ந்தது. விரிந்தது, உடைந்தது, நடுவில் ஓரிடத்தில் படக்கென்று தாவி, பிறகு மறுகரையில் நசுங்கி மறைந்தது.

"விசாரணைக்குப் போன அந்த ஒரு நாளை, முன்ன பின்ன எடுத்த படத்தை வச்சு நிரப்பிடலாமாம். சாஃப்ட்வேர்ல வழி இருக்கு" என்றான்.

"வேணாம். நாம அன்னிக்கு அங்க இல்ல."

இன்னொரு முறை ஓடவிடச் சொன்னாள். அதற்குள் நாற்காலியில் சாய்ந்தபடி அவன் தூங்கியிருந்தான், வாய் லேசாகத் திறந்து. அவளே ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, டூட்டிக்குக் கிளம்பினாள்.