மூன்று ஏடிவி, ஒரு கட்டைவிரல்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நானும் ரஃபீக்கும் ஏலகிரி அடிவாரத்துக்கு ஏடிவி பார்க்கப் போனோம். அகலமான நான்கு டயரும் பைக் மாதிரி ஹேண்டில்பாரும் உள்ள மேடுபள்ள வண்டி. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும். எனக்கு எழுதத்தான் ஆறு மாதம் ஆயிற்று.

ரஃபீக் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், தோலின் யோக்கியதையைச் சொல்லிவிடுவான். பத்தொன்பது வருடத் தோஸ்த். ஜவ்வாது மலையில் நாங்கள் பைக் விடாத பாதை குறைவு. எப்போதும் அவன்தான் முன்னால். இடக்கை கீழே நீண்டால் இடப்பக்கம் பள்ளம், மேலே போனால் நில். நான் பாதையைப் பார்த்ததே இல்லை, அவன் கையைப் பார்த்தே ஓட்டினேன்.

இரண்டு வருடம் முன்பு அந்தக் கைகள் மெலிய ஆரம்பித்தன. நரம்பு டாக்டர் மறைக்காமல் சொன்னார், போன பலம் திரும்பாது, இனி இரண்டு சக்கரம் வேண்டாம். கம்பெனியில் ரஃபீக்கை நாற்காலி வேலைக்கு மாற்றினார்கள். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பைக்கை விற்ற அன்று மட்டும் போனை எடுக்கவில்லை. நாலு சக்கரம் என்றால் விழமாட்டாய் என்று ஏடிவி ஆசையைக் கிளப்பியவன் நான்தான். ஆம்பூர் தாண்டி அவன் மாமாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது, உள்ளே இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அதில் அவனே ஓட்டிப் போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

வேலூரில் காரை எடுத்தபோது காலை 6.10. ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், 7.15க்கு ரஃபீக் ஏறினான். வழியில் இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் சேர்த்து 130 ரூபாய். அவன் ஸ்பூன் கேட்டு வாங்கினான். நான் பார்க்காத மாதிரி சாம்பார் ஊற்றிக்கொண்டேன். வாணியம்பாடி வழியாக அடிவாரம் சேர்ந்தபோது 8.40.

அங்கே ஒருவர் தன் தோப்பில் மூன்று கிலோமீட்டர் சுற்றுப்பாதை போட்டு ஏடிவி வாடகைக்கு விடுகிறார், பழைய வண்டி விற்கவும் செய்கிறார். இருபது நிமிட ஓட்டத்துக்கு சின்ன வண்டி 300, நடுவில் உள்ளது 400, பெரியது 700. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார், சும்மா இருப்பேனா? நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொண்டேன்.

சின்னது 125 சிசி, ஏழு குதிரைத்திறன், 110 கிலோ. கியர் கிடையாது, சீட் தாழ்வு. மேட்டில் என்னை ஏற்றவே திணறியது, இன்ஜின் நடுக்கத்தில் பல் தந்தியடித்தது. 250 சிசி வண்டிக்குப் பதினாறு குதிரைத்திறன். இழுவை நன்றாக இருந்தது, ஆனால் இடக்காலால் கியர் மாற்ற வேண்டும். பெரியது 570 சிசி, நாற்பத்து நான்கு குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, பவர் ஸ்டியரிங், பின்னால் ஒருவர் உட்காரலாம். பாறைமேல் பூனை மாதிரி ஏறியது. 330 கிலோ என்பதால் பள்ளத்தில் மாட்டினால் இரண்டு ஆள் தூக்க முடியாது, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான். இருந்தும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிர்வே இல்லை, சீட்டில் டம்ளர் தண்ணீர் வைத்தால் தளும்பாது என்று ரஃபீக்கிடம் அளந்துவிட்டேன்.

அவன் சின்னதில் ஏறினான். யாரும் பிடிக்காமல் அவனே ஏறினான், முகத்தில் பழைய சிரிப்பு. ஏடிவியில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதில்லை. வலது கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு இருக்கும், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வண்டி நின்றுவிடும். ஆறாவது நிமிடத்தில், முதல் மேட்டிலேயே வண்டி நின்றது. நான் ஓடினேன். வலது கட்டைவிரலை இடக்கையால் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தான்.

பெரியதிலும் அதே நெம்புதான். நாற்பத்து நான்கு குதிரைகள் அவன் விரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றன. முறுக்குப்பிடி மாற்றித் தரலாம் என்றார் உரிமையாளர். ரஃபீக் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான், அது பாதியில் நின்றது.

"உடு வாத்தியாரே. இன்னா பண்றது? நீ ஓட்டு, நான் பின்னால குந்திக்கிறேன். பள்ளம் வந்தா தோள்ல தட்றேன்."

வண்டி வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிச் சுற்றை எழுதிய பிறகு எனக்கு எதுவும் எழுத வராது. சிசியைக் கடைசியில் பாருங்கள். ஓட்டப்போகிறவரைக் கூட்டிப்போய், நெம்பைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தச் சொல்லுங்கள். வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். சாலையில் ஓட்ட இவற்றுக்குப் பதிவெண் கிடைக்காது என்றார் உரிமையாளர், டெம்போவில்தான் ஏற்றிப் போக வேண்டும், அந்த வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வனத்துறைப் பாதையில் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். வெயில் ஏறுமுன் பத்து மணிக்குள் முடிப்பது நல்லது.

கடைசிச் சுற்று 10.20க்கு, பெரிய வண்டியில். அவனை ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் யாரும் இல்லை. அழுகை வந்தது, ஹெல்மெட் மறைத்தது. மெதுவாகத்தான் ஓட்டினேன். புளியமரம் தாண்டியதும் இடது சக்கரம் புல் மூடிய பள்ளத்தில் இறங்கி, வண்டி தூக்கிப் போட்டது. நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அவனுக்கு அடியில்லை.

"ரெண்டு வாட்டி தட்னேனே ப்பா," என்றான். "தெர்ல உனக்கு?"

அவன் கை இன்னும் என் இடது தோள்மேலேயே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வண்டி அதிர்வு ஜாஸ்திப்பா," என்றேன். "அதான் தெர்ல."

டம்ளர் தண்ணீர்க் கதையை அரைமணி முன்பு கேட்டவன் அவன். ஆமாம் என்று தலையாட்டினான்.