கிளாம்பில் பூத்த வெள்ளை

பேட்டரிக் கடை ராயப்பன் பிறந்ததிலிருந்து யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அன்று உப்பு வேன்காரன் காத்தமுத்து வந்ததும் வராததுமாக அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

“நேத்து நீ வித்த பேட்டரி, டொக்குன்னுட்டு நின்னுடுது. மழை வர்றதுக்குள்ள உப்பை ஏத்தலேன்னா அத்தனையும் கரைஞ்சிடும்டா.”

ராயப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். பேட்டரி முனையில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். பன்னிரண்டரை வோல்ட் இறங்கவேயில்லை. முனையைக் கவ்வியிருந்த கிளாம்பில் வைத்தால் சடாரென்று விழுந்தது.

“பேட்டரி நல்லாத்தான் இருக்குது. கிளாம்புல பூத்திருக்கிற இந்த வெள்ளையைத் துடைக்காமலா மாட்டுனீங்க?”

“உப்புதானேன்னு விட்டேன். மரக்காணத்துல உப்பு படியாத வண்டி ஏது?”

“இது பழைய பேட்டரி ஆசிட் அரிச்சதுங்க. கரண்டு தாண்டாது.”

வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினார். வேன் ஒரே திருப்பில் உறுமியது.

காத்தமுத்து சிரித்தபடி அவர் தோளில் கைபோட்டான். ராயப்பன் அதைத் தட்டிவிட்டு, பளாரென்று ஒன்று விட்டார். அவன் தடுமாறிக் கதவில் மோதினான்.

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்றப்போ இந்த அடியைச் சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன். நீங்க கிளம்புங்க, மழை வருது.”